ஆள் மாறினால் புள்ளி வை

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். வந்ததும் ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் கதை சொன்னான். அதையே கட்டுரையாக எழுதச் சொன்னால் இப்படி எழுதுகிறான்: "பெரிய கோயில் போனோம் நந்தி பெரியது அப்புறம் ராஜராஜ சோழன் கட்டினார் பஸ்ஸில் வாந்தி வந்தது மிஸ் எலுமிச்சம்பழம் கொடுத்து நான் தூங்கி என் ஃபிரண்டு எழுப்பி கோபுரம் உயரமாக இருந்தது அப்புறம் புளியோதரை சாப்பிட்டோம்." திருத்தினால் அழுகிறான். என்ன செய்வது?
- ஒரு வாசகி, அரியலூர்

பதில்: முதலில் அந்தச் சிவப்புப் பேனாவை உள்ளே வையுங்கள் சகோதரி. உங்கள் பிள்ளையிடம் சரக்கு நிறைய இருக்கிறது. எதை முதலில் சொல்வது, எதோடு எதைச் சேர்ப்பது என்பதுதான் பிடிபடவில்லை. பேசும்போது அந்தக் கஷ்டம் இல்லை, ஏனென்றால் நடுவில் நீங்கள் "போகும்போது வாந்தி எடுத்தியா, வரும்போதா?" என்று கேட்பீர்கள், அவன் சொல்லிவிடுவான். தாளுக்கு முன்னால் உட்கார்ந்தால் கேட்க ஆள் இல்லை, யோசிப்பது, வரிசைப்படுத்துவது, எழுத்துப்பிழை, கையெழுத்து என்று நாலு வேலையும் ஒரே நேரத்தில் தலையில் விழுகிறது.

அதைப் பிரித்துக் கொடுங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் வீட்டில் கிடக்கும், அவற்றின் பின்பக்கம் போதும். ஒரு தாளுக்கு ஒரு விஷயம், ஒன்றிரண்டு சொல்: நந்தி, வாந்தி, புளியோதரை. எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டு, எது எது ஒன்றாக இருக்கணும் என்று மட்டும் கேளுங்கள். வாந்தியும் எலுமிச்சம்பழமும் தூக்கமும் தானாகவே பஸ் பக்கம் போய்விடும். ராஜராஜன் சீட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருப்பான். நீங்கள் வாங்கி வைத்துவிடாதீர்கள். "அவ்வளவு உயரத்தைப் பார்த்ததும் என்னடா தோணுச்சு?" என்று கேளுங்கள். "யார் கட்டினாங்கன்னு கேட்டேன்" என்று சொன்னால், சீட்டு போக வேண்டிய இடம் அவனுக்கே தெரிந்துவிடும். 1010-இல் கட்டி முடித்த கோயில், உயரம் சுமார் 216 அடி என்ற விவரமும் அங்கேதான் சேரும். அது இருபது மாடிக்கு மேல் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் 'உயரமாக இருந்தது' என்று மொட்டையாக எழுத அவனுக்கே மனசு வராது. (கருவறைக்கு மேலே இருப்பது விமானம், வாசலில் நிற்பதுதான் கோபுரம் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.) பஸ் வாந்தியில்தான் கட்டுரையைத் தொடங்குவேன் என்றால் தாராளமாகத் தொடங்கட்டும். ஒரு குவியல், ஒரு பத்தி, அவ்வளவுதான்.

அடுத்தது வாக்கியம். 'மிஸ் கொடுத்து நான் தூங்கி ஃபிரண்டு எழுப்பி' என்ற இடத்தைப் பாருங்கள். தமிழில் ஒரே ஆள் செய்கிற வேலைகளை இப்படி எத்தனை வேண்டுமானாலும் கோக்கலாம்: "பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வரிசையாக உள்ளே போனோம்." அழகாகவே இருக்கிறது. இவன் வாக்கியத்தில் மூன்று ஆள் வருகிறார்கள், அதனால்தான் குழப்பம். ஆள் மாறினால் புள்ளி வை, இந்த ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுங்கள். "மிஸ் எலுமிச்சம்பழம் கொடுத்தார். நான் முகர்ந்துகொண்டே தூங்கிவிட்டேன்." பிறகு அவனையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், மூச்சு முட்டுகிற இடம் அவனுக்கே தெரியும்.

'அப்புறம்' வருகிற இடங்களில் திட்ட வேண்டாம், வட்டம் போடச் சொல்லுங்கள். அங்கே அதனால், ஆனால், அதற்குள் இவற்றில் ஏதாவது பொருந்துகிறதா என்று அவனே வைத்துப் பார்க்கட்டும். எதுவும் பொருந்தாவிட்டால் அப்புறமே இருக்கட்டும். எழுத்துப்பிழையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள் முன்னுரை, முடிவுரையை நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்கிறாள். மார்க் வருகிறதே, விட்டுவிடலாமா?
- ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: விடாதீர்கள். குறிப்புச்சட்டம் நல்லது, உட்தலைப்புகளை முதலில் போட்டுக்கொண்டால் பொருளுரை தடம் மாறாது. ஆனால் எந்தத் தலைப்புக்கும் ஒட்டுகிற முன்னுரை எந்தத் தலைப்புக்கும் உரியதில்லை. வீட்டில் எழுதிப் பழகும்போது மேலே ஐந்து வரி இடம் விட்டுவிட்டுப் பொருளுரையை முதலில் எழுதச் சொல்லுங்கள். என்ன சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்த பிறகு அந்த ஐந்து வரியை எழுத அவளுக்கு நோட்ஸ் தேவைப்படாது.