பிள்ளை எப்படிப் போகிறான், எப்படித் திரும்புகிறான்? கிழக்கிலிருந்து ஒரு கேள்வி பதில்

அஸ்ஸலாமு அலைக்கும். கிழக்கிலங்கையில் இருபது வருஷம் மத்ரஸாவில் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். 2019 ஈஸ்டர் அன்று இலங்கைத் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் வெடித்த குண்டுகளுக்குப் பிறகு, தீவிரவாதப் பேச்சில் மயங்கிப் பின்னர் விலகி வந்த சில பையன்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து ஒரு சகோதரர்: பிள்ளைகள் தீவிரவாதத்துக்குப் போக வறுமையும் படிப்பின்மையும்தானே காரணம்?

அந்தக் குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரான் கிழக்கே காத்தான்குடியில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளை, சரி. ஆனால் ஷங்ரிலா ஹோட்டலில் அவனோடு வெடித்தவனும் சினமன் கிராண்ட் ஹோட்டலில் வெடித்தவனும் கொழும்பில் பெரிய மசாலா வியாபாரியின் மகன்கள். இன்னொருவன் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்துவிட்டு வந்தவன். 2016இலேயே நீதி அமைச்சர் 32 இலங்கையர் ஐஎஸ் என்ற தீவிரவாத அமைப்பில் சேர்ந்துவிட்டதாக நாடாளுமன்றத்தில் சொன்னார், அதுவும் படித்த, வசதியான குடும்பத்தவர் என்று. காசைப் பார்த்தோ பட்டத்தைப் பார்த்தோ ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு உம்மா: மகன் திடீரென்று தாடி வைத்து ஐந்து வேளையும் தொழுகிறான். பயமாக இருக்கிறது.

தொழுவதற்கெல்லாம் பயப்படாதீர்கள், சகோதரி. வேறொன்றைக் கவனியுங்கள். ஊர்ப் பள்ளி இமாமின் பின்னால் தொழ மாட்டேன் என்று அறைக்குள் தனியாகத் தொழுகிறானா? மாமா வீட்டுச் சாப்பாடு ஹலால் இல்லை என்கிறானா? சின்ன வயசுக் கூட்டாளிகளை ஒவ்வொருவராக விட்டுவிட்டு, யாரென்று உங்களுக்குச் சொல்லாத இரண்டு பேரோடு மட்டும் இரவெல்லாம் போனில் இருக்கிறானா? அப்படியென்றால் மெதுவாகப் பேச்சுக் கொடுங்கள்.

நிந்தவூர் ஆசிரியர்: முதல் அடி எங்கே விழுகிறது?

எல்லோரும் சிரியா, ஈராக் என்று தொடங்குவார்கள். சஹ்ரானுடைய முதல் சண்டை தேவாலயத்தோடு இல்லை, சொந்த ஊர் சூஃபிகளோடு, அதாவது தர்காவுக்குப் போகும் முஸ்லிம்களோடு. ஓதிய மத்ரஸாவிலிருந்து ஆசிரியர்களோடு முரண்பட்டு வெளியேற்றப்பட்டான், அப்புறம் சேர்ந்த பள்ளியிலும் நிலைக்கவில்லை, தனியாக ஒரு ஜமாஅத் தொடங்கினான். 2017 மார்ச் 10 அன்று அலியார் சந்தியில் சூஃபி தரப்போடு வாள்வெட்டு வரை போய்த் தலைமறைவானான், கடைசியில் அவன் தொடங்கிய ஜமாஅத்தே அவனை ஒதுக்கிவிட்டது. தர்காவுக்குப் போகிறவன் முஷ்ரிக் (அல்லாஹ்வுக்கு இணை வைப்பவன்), அவனைக் கண்டிக்காத மௌலவி முனாஃபிக் (நயவஞ்சகன்), அந்த மௌலவியின் பின்னால் தொழுகிறவனும் அதே கணக்கு என்று வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் உள்ளே நாலு பேர் மிஞ்சுவார்கள், அந்த நாலு பேர் மட்டும்தான் முஸ்லிம். தக்ஃபீர், அதாவது ஒரு முஸ்லிமைக் காஃபிர் என்று தீர்ப்புச் சொல்வது, என்று கிதாபுகளில் எச்சரித்திருப்பது இதைத்தான்.

இதற்கு எண்ணெய் ஊற்றியது வேறு. 2014 ஜூனில் அளுத்கம, 2018 மார்ச்சில் திகன, இரண்டிலும் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம். எரிந்த கடைகளையும் பள்ளிகளையும் பையன்கள் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கோபம் நியாயமான கோபம். அதை ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை, பெரியவர்கள் 'சபுர் (பொறுமை) செய்யுங்கள்' என்றதோடு சரி. நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவன் பேஸ்புக்கில் அழுதுகொண்டே பயான் (மார்க்க உரை) செய்தால் பையன் யார் பக்கம் சாய்வான்? (எங்களைப் போன்ற மௌலவிமார் அப்போது பிறை பார்ப்பதில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.)

கொழும்பிலிருந்து ஒருவர்: உங்கள் ஆட்கள் தெரிந்தே மறைத்தார்கள் என்கிறார்களே?

மறைக்கவில்லை. சஹ்ரானைப் பற்றி முதலில் முறைப்பாடு கொடுத்ததே முஸ்லிம்கள்தான். மாவனல்லையில் பொலிஸுக்கு உதவிய ஒரு முஸ்லிமை 2019 மார்ச்சில் அவர் வீட்டில் தூங்கும்போது தலையில் சுட்டார்கள். ஏப்ரல் 26 சாய்ந்தமருதில் சஹ்ரானின் குடும்பத்தார் ஒளிந்திருந்த வாடகை வீட்டைச் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்களும் ஊர்க்காரர்கள். அந்த வீட்டில் ஆறு பிள்ளைகள் உட்பட 15 பேர் செத்தார்கள்.

துபாயில் வேலை செய்யும் தம்பி: ஹதீஸ் ஆதாரம் காட்டி வாதாடினால் விட்டுவிடுவார்களா?

நானும் அப்படித்தான் நினைத்தேன், கிதாபுகளைச் சுமந்துகொண்டு போனேன். வாதத்துக்கு அவன் தயாராக இருப்பான், தம்பி, அதற்குத்தான் அவனைப் பழக்கியிருப்பார்கள். என்னிடம் வந்த ஒரு பையன், வயது இருபது இருக்கும், உம்மம்மாவின் (பாட்டியின்) ஜனாஸாவுக்கு, அடக்கத்துக்குப் போகவில்லை. தாயத்துக் கட்டியவள், ஷிர்க்கில் (இணைவைப்பில்) மௌத்தானவள் என்று சொல்லிவிட்டான். மூன்று வாரம் கழித்து அவள் கைப்பட மடித்து வைத்த சாரத்தை (லுங்கியை) அலமாரியில் பார்த்திருக்கிறான். 'அவ நரகவாதி என்று என் வாயால் சொன்னேன் மௌலவி' என்று என் முன்னால் அழுதான். அதற்குப் பிறகுதான் கிதாபைத் திறந்தோம், அதற்கு முன்னால் திறந்திருந்தால் வீண்.

மார்க்கம் வேண்டாம் என்றில்லை, அதற்கு நேரம் இருக்கிறது. சிங்கப்பூரில் 2003இலிருந்து உஸ்தாத்மார் தன்னார்வமாகத் தடுப்புக் காவலில் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள், அதே சமயம் வெளியே குடும்பத்துக்கும் உதவி போகிறது. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் என்ற நகரத்திலிருந்து 2013 வரையில் 30 பேரளவில் சிரியாவுக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்களில் குற்றம் செய்யாதவர்களுக்குப் படிப்பு, வேலை, பக்கத்தில் ஒரு வழிகாட்டி என்று கொடுத்தார்கள். 2014இல் அங்கிருந்து கிளம்பியது ஒரே ஒருவர் என்றார்கள். காரணம் அது மட்டும்தானா என்று வாதாடலாம், ஆனால் கதவைச் சாத்தவில்லை.

ஒரு சட்ட மாணவி: நம் நாட்டுப் புனர்வாழ்வு?

2021 மார்ச்சில் வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வந்தது, தீவிரவாதச் சந்தேகத்தில் பிடித்த ஆளை வழக்குத் தீராமலே புனர்வாழ்வுக்கு அனுப்பலாம் என்று. உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) அதை இடைநிறுத்தியது, நல்ல வேளை. வன்முறையை எதிர்த்துத் தமிழில் கவிதை எழுதிய இளைஞர் ஒருவரையே 2020 மே மாதம் பிடித்து ஒன்றரை வருஷம் வைத்திருந்து பிணையில் விட்டார்கள், 2023 டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுதலையானார். இப்படிச் செய்தால், விலகி வந்து உண்மையைச் சொல்ல நினைக்கும் பையன் யாரிடம் போய்ச் சொல்வான்?

அதே உம்மா, மறுபடியும்: நீங்கள் சொன்ன அடையாளம் எல்லாம் இருக்கிறது. வாப்பா அவனை வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார்.

போகச் சொல்லாதீர்கள். அவனை இழுக்கிறவர்கள் எதிர்பார்ப்பதே அதைத்தான். வாப்பாவிடம் நான் பேசுகிறேன், நம்பரை உட்பெட்டியில் அனுப்புங்கள். அவன் யாரையாவது தாக்கப்போவதாகப் பேசினால் மட்டும் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள், கூடவே ஒரு சட்டத்தரணியையும் பிடியுங்கள். அதுவரை இரவில் எத்தனை மணிக்கு வந்தாலும் சோறு எடுத்து வையுங்கள். எங்கே போனாய் என்று கேட்க வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அவன் சாப்பிடாவிட்டாலும் நாளைக்கும் எடுத்து வையுங்கள்.