பதருக்குப் பகலை மட்டும் குறை சொல்லாதீர்கள், இரவையும் அளந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். ஆறு ஏக்கரில் 115 நாள் நெல் நட்டிருந்தேன். பயிர் நன்றாகத்தான் வளர்ந்தது, தூரும் நன்றாகக் கட்டியது. ஆனால் கதிர் வந்த பிறகு தலை சாயவே இல்லை. அறுத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு சாவி, அதாவது உள்ளே மணி இல்லாத பதர். தேறிய நெல்லும் அரைவையில் நொய்யாக உடைகிறது, அரிசியின் நடுவில் சுண்ணாம்பு போல் வெள்ளை. பூச்சி, நோய் எதுவும் கண்ணில் படவில்லை. பூத்த வாரத்தில் வெயில் கடுமையாக இருந்தது. மருந்துக் கடையில் கேட்டதற்கு, போரான் குறைபாடு என்று சொல்லி, வெப்பம் தாங்கும் டானிக் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கதிர் முழுக்க வெளிவந்த பிறகு அடித்தேன். பலன் இல்லை. அடுத்த போகத்துக்கு எந்த டானிக்கை எந்த நாளில் அடிப்பது? பக்கத்து வயல்காரர் சூரியனே சூடாகிவிட்டது, நாம் என்ன செய்ய முடியும் என்கிறார். கரியமில வாயு கூடினால் பயிருக்கு நல்லதுதானே என்று என் மகன் கேட்கிறான். எது சரி?

பதில்: முதலில் டானிக் விஷயத்தை முடித்துவிடுவோம். எதையும் அடிக்க வேண்டாம். நெல் பூ காலையில் திறந்து ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி நின்றால் மகரந்தப்பை சரியாக வெடிக்காது. வெடித்தாலும் சூல்முடியில் போதிய மகரந்தம் விழாது, விழுந்தது முளைக்காது. அந்த மணியின் கதை அன்றைக்கே முடிந்துவிடுகிறது. மறுநாளோ மறுவாரமோ இலையில் எதைத் தெளித்தாலும் மூடிய உமிக்குள் கருவுறாமல் போன பூவை எழுப்ப முடியாது. கதிர் முழுக்க வந்த பிறகு உங்களுக்கு அந்தப் பாட்டிலை விற்றவருக்கு இது தெரியாது என்றால் அவர் மருந்து விற்கக் கூடாது. தெரிந்தே விற்றார் என்றால் அது ஏமாற்று.

போரான் குறைபாடு என்பது பொய்யில்லை, சில மண்ணில் உண்டு. ஆனால் மண் பரிசோதனை இல்லாமல் யாரும் அதைச் சொல்ல முடியாது. போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவான சத்து அது. ஊகத்தில் வருடா வருடம் போட்டால் நீங்களே மண்ணைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

உங்கள் வயலில் நடந்தது வெப்பச் சேதம்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கதிர் முழுவதும் வெளுத்து, இழுத்தால் கையோடு வந்தால் குருத்துப்பூச்சி. கதிர்க் கழுத்து கறுத்து ஒடிந்தால் குலைநோய். உமியில் பழுப்புப் புள்ளியோடு அரைகுறை மணி இருந்தால் கதிர் நாவாய்ப்பூச்சி. இவை எதுவும் இல்லாமல், கதிர் பச்சையாக நிமிர்ந்து, உமியில் ஒரு கறையும் இல்லாமல், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒன்றுமே இல்லாத சாவியாக இருந்தால் பெரும்பாலும் வெப்பம்தான். இன்னொன்றும் பாருங்கள். நெற்கதிர் நுனியில் பூக்கத் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாளில் அடி வரை பூத்து முடிக்கும். சாவி நுனியில் குவிந்திருந்தால் முதல் இரண்டு மூன்று நாள் சுட்டிருக்கிறது, அடியில் குவிந்திருந்தால் கடைசி நாட்கள். எந்த நாள் உங்களைக் கெடுத்தது என்று அந்தக் கதிரே சொல்லிவிடும். அடுத்த முறை களத்தில் தூற்றுவதற்கு முன் இருபது கதிரை எடுத்து இப்படிப் பாருங்கள்.

இனி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். சாவிக்குப் பகல் வெயில் காரணம் என்று வைத்துக்கொள்வோம். தேறிய அரிசி ஏன் வெளுத்தது, ஏன் உடைகிறது? அது பூத்த பிறகு நடந்த சேதம். அங்கே பகலோடு சேர்ந்து இரவும் வேலை செய்கிறது. இதைத்தான் பல வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: உழவர்கள் வெயிலைப் பற்றியே பேசுகிறோம், இரவு எவ்வளவு குளிர்ந்தது என்று யாரும் அளப்பதில்லை. நானும் என் வயலில் வெகு காலம் உச்சி வெப்பத்தை மட்டும்தான் எழுதி வைத்தேன். அது இன்றும் எனக்கு வருத்தம். வயதானவர்களின் நினைவைத் தவிர, பழைய இரவுகளை ஒப்பிட என்னிடம் எதுவும் இல்லை.

பகலில் பயிர் உணவு செய்கிறது, இரவில் மூச்சுவிட்டு அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரவு குளிரவில்லை என்றால் மணிக்குப் போக வேண்டிய சர்க்கரை மூச்சிலேயே கரைகிறது. மணியும் அவசரமாக நிரம்புகிறது. மாவுத்துகள்கள் நெருங்கி அமையாமல் இடையில் காற்று நிற்கிறது. உங்கள் அரிசியின் நடுவில் தெரிகிற வெள்ளை அந்த இடைவெளிதான், உரலில் முதலில் உடைவதும் அங்கேதான். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணையில் 1979 முதல் 2003 வரை எடுத்த அளவுகளில் பகலின் உச்ச வெப்பம் 0.35 டிகிரிதான் கூடியிருந்தது, இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1.13 டிகிரி கூடியிருந்தது. அந்தப் பண்ணையின் விளைச்சல் கணக்கோடு ஒப்பிட்டபோது, வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி ஏறினால் நெல் விளைச்சல் 10 சதவீதம் இறங்குவதாகத் தெரிந்தது. 2004இல் இது வெளியானது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் வெயிலுக்கு டானிக் கேட்டுத்தான் கடிதம் வருகிறது.

உங்கள் பக்கத்து வயல்காரருக்கும் இதே இரவில் பதில் இருக்கிறது. சூரியன் சூடானதுதான் காரணம் என்றால் பகல்தான் அதிகம் சூடேற வேண்டும். வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடேற வேண்டும். நடந்தது வேறு. 1950களுக்குப் பிறகு நிலப்பரப்பில் இரவுகள் பகலைவிட வேகமாகச் சூடாகியிருக்கின்றன, மேலே ஸ்ட்ரேட்டோஸ்பியர் அடுக்கு குளிர்ந்திருக்கிறது. பகலில் மண் வாங்கிய வெப்பம் இரவில் அகச்சிவப்புக் கதிராக மேலே போக வேண்டும். கரியமில வாயு, மீத்தேன், நீராவி ஆகியவை அதைப் பிடித்து ஒரு பகுதியைத் திருப்பிக் கீழே அனுப்புகின்றன. சூரியன் இல்லாத நேரத்திலும் இந்த வேலை நிற்பதில்லை. ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1896இலேயே கையால் கணக்குப் போட்டு, கரியமில வாயு கூடினால் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு குறையும் என்று எழுதிவிட்டார். தொழிற்சாலைகள் பெருகும் முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த அந்த வாயு, ஹவாயில் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கிய 1958இல் 315 ஆக இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

இதில் நீராவியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பகலிலும் உங்களைத் தாக்குகிறது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் இரவில் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. பகலில் கதிரின் வியர்வையை உலர விடாமல் தடுக்கிறது. நெற்கதிர் நீரை ஆவியாக்கித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்று உலர்ந்த ஆஸ்திரேலியாவின் ரிவரினா பகுதியில் 40 டிகிரிக்கு அருகிலும் நெல் மணி பிடிக்கிறது, கதிரின் வெப்பம் காற்றைவிடப் பல டிகிரி கீழே இருப்பதால். புழுக்கமான இடத்தில் 35 டிகிரியே போதும் சாவியாக்க. எனவே வெப்ப எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பூக்கும் வாரத்தில் காற்றில்லாத புழுக்கமா, உலர்ந்த காற்றா என்பதையும் எழுதி வையுங்கள்.

உங்கள் மகன் கேட்டதில் பாதி உண்மை. கரியமில வாயு கூடினால் நெல் கொஞ்சம் கூடுதலாக உணவு செய்யும். ஆனால் அப்படி விளைந்த அரிசியில் புரதமும் துத்தநாகமும் இரும்பும் குறைகின்றன என்று வயல்வெளிச் சோதனைகளிலேயே காட்டிவிட்டார்கள். பூவே கருவுறாத நாளில் அந்தக் கூடுதல் உணவு போய்ச் சேர மணியும் இருக்காது.

சரி, என்ன செய்வது? டானிக்குக்குச் செலவழித்த பணத்தில் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பமானி ஒன்று வாங்குங்கள். தரையிலிருந்து ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் உயரத்தில், நாள் முழுக்க நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வயலோரம் மாட்டுங்கள். சுவரிலோ தகரக் கூரையின் கீழோ மாட்டினால் அது கட்டடத்தின் வெப்பத்தைத்தான் காட்டும். தினமும் காலையில் இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதிவிட்டுக் கருவியை அடுத்த நாளுக்காக மீட்டமைத்து வையுங்கள். பாதிக் கதிர்கள் வெளிவந்த நாளைச் சிவப்பு மையில் குறியுங்கள். அதிலிருந்து அடுத்த 20 நாள்தான் அரிசியின் தரத்தை முடிவு செய்யும். அந்த நாட்களில் இரவும் பகலும் சேர்ந்த சராசரி 26, 27 டிகிரியைத் தாண்டினாலே அரிசி வெளுக்கத் தொடங்கும். கைபேசியில் வரும் வானிலைக் கணக்கு எங்கோ ஓர் இடத்தில் எடுத்தது அல்லது கணினி ஊகித்தது. உங்கள் பயிர் நிற்கிற இடத்தின் இரவு அதில் இல்லை.

நோட்டு கையில் இருந்தால் விதைப்புத் தேதியைப் பின்னோக்கி எண்ணலாம். எந்த வயது ரகமானாலும் பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள். உங்கள் 115 நாள் ரகம் விதைத்த 85ஆம் நாள் வாக்கில் பூக்கிறது. பூப்பதற்குப் பத்து நாள் முன்பு, கதிர் இன்னும் இலை உறைக்குள் தொண்டைக்கதிராக இருக்கும்போது மகரந்தம் உருவாகிறது. அந்த நேரத்திலும் பயிர் வெப்பத்தை எளிதில் தாங்காது. இந்த நாட்கள் கடும் வெப்ப வாரத்தில் விழாதபடி விதைப்பை முன்னே பின்னே நகர்த்த வேண்டும். ஆறு ஏக்கரையும் ஒரே நாளில் நடாமல் இரண்டு பங்காகப் பிரித்துப் பத்து நாள் இடைவெளி விடுங்கள், அல்லது வயது வேறுபட்ட இரண்டு ரகம் போடுங்கள். ஒரு கெட்ட வாரம் முழு வயலையும் கொண்டு போகாது. பூச்சி ஒரு பாதியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் என்பது உண்மை, கண்காணிப்பு கூடுதலாக வேண்டும். காலையில் சீக்கிரமே பூக்கும் குணத்தைக் காட்டு நெல்லிலிருந்து கொண்டுவந்து ரகம் உருவாக்குகிறார்கள். உங்கள் கைக்கு அது வரும்வரை தேதிதான் மருந்து.

பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கட்டும். அந்த இரண்டு வாரம் காயவிட்டால் கதிர் வியர்க்க வழியில்லாமல் போகும். வசதி இருந்தால் மாலையில் சூடான நீரை வடித்துப் புதிய நீர் விடுங்கள். யூரியாவை முன்னதாகவே கொட்டித் தீர்த்துவிட்டுத் தொண்டைக்கதிரில் பயிரைப் பட்டினி போடாதீர்கள். மணி நிரம்பும்போது தழைச்சத்து இல்லாத பயிரில்தான் அரிசி இன்னும் மோசமாக வெளுக்கிறது.

நட்ட முதல் இரண்டு வாரம் தவிர, மற்ற நாட்களில் தண்ணீர் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. இங்கே உங்கள் பக்கத்து வயல்காரரின் ‘நாம் என்ன செய்ய முடியும்’ என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்று இல்லாததால் நுண்ணுயிர்கள் மீத்தேன் செய்கின்றன, அது நெல்லின் தண்டு வழியாகவே மேலே வருகிறது. 20 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் 80 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். மனிதர்கள் வெளியிடும் மீத்தேனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நெல் வயல்களிலிருந்துதான் போகிறது. நம் இரவைச் சூடாக்குவதில் நம் சேற்றுக்கும் பங்கு உண்டு. நட்டு இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக மாறுங்கள். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும், தண்ணீரில் 30 சதவீதம் வரை மிஞ்சும், விளைச்சல் குறையாது. தேவைக்கு மேல் யூரியா போட்டுவிட்டுக் காயப்போட்டால் மட்டும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னும் கடுமையான வாயு கிளம்பும். எனவே இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையைச் சொல்லும் இலை வண்ண அட்டையைப் பார்த்து மேலுரம் இடுங்கள். வைக்கோலைக் கொளுத்த வேண்டாம். அதற்காகச் சேறடிக்கும் அன்று பச்சையாக மடக்கிவிடவும் வேண்டாம், அது மீத்தேனுக்குத் தீனி. அறுவடை முடிந்ததும் உலர்ந்த மண்ணிலேயே உழுது சில வாரம் மக்கவிடுங்கள்.

மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுதான் தங்கும். இன்று குறைத்தால் அதன் பலனை உங்கள் மகன் இதே வயலில் பார்ப்பான். அவனிடமே அந்த வெப்பமானி நோட்டை ஒப்படையுங்கள். அடுத்த போகம் முடிந்ததும் பூத்த தேதி, அதற்குப் பிந்தைய 30 நாள் இரவு வெப்பம், நுனி, நடு, அடி எனப் பிரித்து எண்ணிய இருபது கதிரின் சாவிக் கணக்கு மூன்றையும் எனக்கு எழுதுங்கள். அதை வைத்து உங்கள் வயலுக்கு எந்த வாரத்தில் விதைப்பது என்று முடிவு செய்யலாம்.