மூடிக் கிடக்கும் மலைப்பாதைக்கு ஒரு டீசல் வண்டி

அன்புள்ள ஐயா,

கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டுகளான ரயில் சிமுலேட்டர்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஈரோட்டு ஷெட்டில் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின்கள் உறுமுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். சிமுலேட்டரில் எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் பழைய டீசல் காலம், ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை. ஆனால் புதிதாக வரும் பாதைகளில் பெரும்பாலானவை இன்றைய காலத்தவை. "பழைய எஞ்சினை மட்டும் வாங்கி இருக்கிற பாதையில் ஓட்டு" என்கிறார் நண்பர். அது போதுமா? பாதை செய்பவர்களிடம் நீங்கள் கேட்பதாக இருந்தால் எந்தப் பாதையைக் கேட்பீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. நானும் அப்படி ஓட்டிப் பார்த்தேன். 1949இல் வந்த எஃப்7 எஞ்சின்கள் நான்கைக் கோத்துக்கொண்டு இன்றைய பாதை ஒன்றில் கிளம்பினேன். பக்கத்துத் தடத்தில் இரண்டடுக்குக் கன்டெய்னர் வண்டி நின்றது. வழியில் ஸ்டேஷன் கட்டடங்களே இல்லை. அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன்.

அந்தக் காலத்தை எஞ்சினில் மட்டும் தேட முடியாது, அது வேலையில் இருக்கிறது. ஒற்றைப் பாதைகள் பலவற்றில் எந்த வண்டி எங்கே ஒதுங்க வேண்டும் என்பது காகிதத்தில் வரும் உத்தரவு. கட்டுப்பாட்டு அலுவலர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல ஸ்டேஷனில் இருப்பவர் மெல்லிய தாளில் எழுதி, திரும்பப் படித்துக் காட்டுவார். பிறகு கம்பில் மாட்டி, ஓடும் வண்டிக்கு நீட்டுவார். எஞ்சினுக்கு ஒன்று, கடைசியில் வரும் கபூஸ் என்ற கார்டு பெட்டிக்கு ஒன்று. நம் ஊரில் பிரம்பு வளையத்தில் டோக்கன் வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி உடனே புரியும். சிமுலேட்டரில் நான் ஏங்குவது இதற்குத்தான். தாளைப் படித்துப் பொருள் புரிந்து ஓட்டும் பொறுப்பு இருந்தால், நூறு மைல் சமவெளிகூட சலிக்காது.

எந்தப் பாதை என்று கேட்டீர்கள். கொலராடோவில் ரியோ கிராண்டே ரயில்வேயின் டென்னசி கணவாய். பத்தாயிரம் அடிக்கு மேல் உயரம். மேற்கே மின்டர்ன் என்ற ஊரிலிருந்து உச்சிக்குச் சுமார் 20 மைல்தான், ஆனால் அதற்குள் இரண்டாயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும். பல இடங்களில் 3 சதவீத ஏற்றம், அதாவது நூறு அடிக்கு மூன்று அடி. கனமான நிலக்கரி வண்டிக்கு முன்னால் இருக்கும் எஞ்சின்கள் மட்டும் போதாது, மின்டர்னில் பாங்கர் எஞ்சின்களைச் சேர்த்துத் தள்ள வேண்டும். மெதுவாக ஏறும்போது சக்கரங்களைச் சுழற்றும் மின்மோட்டார்கள் சூடேறும், மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டரிலிருந்து கண் நகராது. இறங்கும்போது இன்னும் கஷ்டம். டைனமிக் பிரேக் போட்டால் மோட்டார்கள் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தைக் கூரைமேல் உள்ள கம்பிச்சுருள்களில் வெப்பமாக எரித்துத் தள்ளும். காற்று பிரேக்கை அதோடு சேர்த்து அளந்து போட வேண்டும். தவறாகப் போட்டுக் காற்றை வீணாக்கிவிட்டால், மலை மன்னிக்காது.

இந்த ரயில்வேக்காகவும் சதர்ன் பசிபிக்குக்காகவும் செய்ததுதான் எஸ்டி40டி-2. டன்னல் மோட்டார் என்பார்கள். குகைக்குள் சூடான காற்றும் புகையும் மேலே தேங்கும் என்பதால், ரேடியேட்டருக்கான காற்றைக் கீழே, நடைபாதை மட்டத்திலிருந்து இழுக்கும்படி அமைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த எஞ்சின் இது.

1997இல் அந்தக் கணவாய் வழியே வண்டிகள் நின்றன. அதே பாதையில் உள்ள ராயல் கார்ஜ் பள்ளத்தாக்கில் மட்டும் சுற்றுலா வண்டி ஓடுகிறது. மலைமேல் தண்டவாளம் துருப்பிடித்துக் கிடக்கிறது. கலிபோர்னியாவின் கஹோன் கணவாய், பென்சில்வேனியாவின் ஹார்ஸ்ஷூ வளைவு எல்லாம் எனக்கும் பிடிக்கும், ஆனால் அங்கே இன்றும் வண்டி ஓடுகிறது, போய் நின்று பார்க்கலாம். டென்னசி கணவாயில் ஒரு சரக்கு வண்டி ஏறுவதைப் பார்க்க, சிமுலேட்டரைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

அப்புறம், உங்கள் ஈரோட்டு உறுமல். டபிள்யூடிஎம்-2 அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. முதல் எஞ்சின்கள் 1962இல் அங்கிருந்தே வந்தன, பிறகு வாரணாசியில் கட்டினோம். ஆல்கோ 1969இல் மூடிவிட்டது. அந்த வண்டிக்குள் இருந்த அதன் 251 ரக டீசல் இயந்திரம் நம் ஊரில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் உழைத்தது. ஆகவே இந்த ஆசை எங்கிருந்தோ வந்த ஆசை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதன் குரல் உங்கள் காதில் சிறுவயதிலேயே விழுந்துவிட்டது.

பாதை செய்பவர்கள் வருடம் கேட்டால் 1978 என்று சொல்வேன். டன்னல் மோட்டார்கள் வந்திருக்கும், கபூஸும் இன்னும் கழன்றிருக்காது. மாதம் பிப்ரவரி. மின்டர்னில் பனி கொட்ட வேண்டும்.

அன்புடன்