வாசகர் கேள்வி – பதில்: ராஜமலையும் வரையாடுகளும்

கேள்வி: பிப்ரவரியில் குடும்பத்துடன் மூணாறுக்குச் சென்றிருந்தோம். வரையாடுகள் குட்டி ஈனும் பருவம் என்று கூறி, இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடியிருந்தார்கள். மனிதரைக் கண்டு அஞ்சாத ஆடுகளுக்காக மலையையே மூடத்தான் வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவ்வளவு தூரம் சென்று திரும்பிய ஏமாற்றம் புரிகிறது. ஆயினும் மூடத்தான் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வரையாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ ஆறு மாதம்; பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். மழைக்காலத்தில் இணை சேரும் ஆடுகள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களை ஒட்டிக் குட்டி ஈனுகின்றன. சிறுத்தையோ செந்நாயோ நெருங்கினால் செங்குத்தான பாறைக்கு ஓடித் தப்புவதுதான் இவற்றின் தற்காப்பு. கெட்டியான விளிம்பும் மென்மையான உட்பகுதியும் கொண்ட குளம்பு, நாம் நிற்கவே அஞ்சும் பாறை விளிம்பிலும் பிடிமானம் தருகிறது. பிறந்து சில நாளே ஆன குட்டியோ இன்னும் கால் ஊன்றப் பழகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கூட்டமும் கூச்சலும் மந்தையைக் கலைத்தால், தாய் ஒரு பக்கமும் குட்டி ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடக்கூடும்.

ராஜமலை ஆடுகள் அஞ்சாமல் நிற்பது, தலைமுறை தலைமுறையாக மனிதரைப் பார்த்துப் பழகியதால்தான். அதை நட்பென்று எடுத்துக்கொண்டு நெருங்குவது நம் தவறு. 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் பயணிகளுக்குத் திறந்திருப்பது ராஜமலைப் பகுதி மட்டுமே. வழக்கமாக ஏப்ரலில் மீண்டும் திறப்பார்கள். அப்போது சென்றால் தாயின் பின்னால் துள்ளி வரும் குட்டிகளையும் காணலாம்.

கேள்வி: ஆனைமுடி உச்சிக்கு ஏறலாமா?
– வாசகர், தேனி

பதில்: மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே உயரமான அந்தச் சிகரம் (2,695 மீட்டர்) பூங்காவுக்குள் இருப்பதால், சுற்றுலாப் பயணிகள் விருப்பம்போல் ஏற முடியாது. ராஜமலைப் பாதையில் நடந்து, அங்கிருந்து கண்டு மகிழலாம்.

கேள்வி: வரையாடு உண்மையில் வெள்ளாட்டு இனமா? கிடாவை எப்படி அடையாளம் காண்பது? பிஸ்கட் கொடுக்கலாமா?
– மாணவர், மதுரை

பதில்: நெடுங்காலம் இதை இமயமலைத் தார் ஆட்டின் நெருங்கிய உறவாகவே கருதிவந்தார்கள். 2005இல் வெளியான மரபணு ஆய்வு, அதைவிடச் செம்மறி இனத்துக்கே இது நெருக்கமானது என்று காட்டியதால், ‘நீலகிரிட்ராகஸ்’ என்ற தனிப் பேரினமே இதற்கு உருவானது. முதிர்ந்த கிடா கரும்பழுப்பு நிறத்தில் இருக்கும். சேணம் வைத்தாற்போல் அதன் முதுகில் வெளிறிய வெள்ளித் திட்டு தெரியும். பெட்டை சாம்பல் நிறம், உருவத்திலும் சிறியது. மூடுபனி விலகும் காலையில் அந்த வெள்ளித் திட்டுதான் முதலில் நம் கண்ணில் படும்.

பிஸ்கட் கூடவே கூடாது. புல்லை மேய்ந்து வாழும் காட்டு விலங்கு அது. நம் கையிலிருந்து தின்னப் பழகினால் சாலையோரத்தையும் வாகனங்களையும் தேடி வரத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான இது அழியும் ஆபத்திலுள்ள இனம். ஒவ்வோர் ஆட்டின் இழப்பும் பேரிழப்பே. தின்பண்டப் பையை மூடி வைத்துக்கொண்டு, பாதையை விட்டு இறங்காமல் பாருங்கள்.