டைட்டானியம் சைலன்சரை எஸ்எஸ் ராடு வைத்து ஒட்டலாமா?

வணக்கங்க. காருக்கு டைட்டானியத்தில் சைலன்சர் லைன் அடிக்க வேண்டும், திருப்பூரில் ஒரு சைலன்சர் கடைக்காரர் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ராடை உருக்கி வைத்தே ஒட்டித் தருகிறேன் என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. டைட்டானியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உருகிக் கலந்தால் அந்த ஜாயின்ட் கண்ணாடி மாதிரி விரிசல் விட்டுவிடும். எஞ்சின் பக்கம் எஸ்எஸ் பைப் இருந்தால் வி-பேண்ட் கிளாம்பு (இரண்டு பைப் முனைகளையும் சுற்றி இறுக்கும் வளையம்) போட்டு, வெல்டிங் இல்லாமல் இணைப்பதுதான் வழி.

கோவைக்கு வாருங்கள், ஆனால் சைலன்சர் கடைக்குப் போகாதீர்கள். கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் ஆர்கான் வெல்டிங் (காற்று படாமல் ஆர்கான் கேஸ் விட்டு ஒட்டுவது) பட்டறைகளில், கெமிக்கல் ஆலைகளுக்கு வேலை செய்கிறவர் யார் என்று விசாரியுங்கள், டைட்டானியம் ஒட்டிப் பழகியவர் அங்கேதான் கிடைப்பார். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் நடந்தால் அங்கே வரும் மெக்கானிக்குகளிடமும் கேட்கலாம்.

போனதும் கூலியைக் கேட்காமல், பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் விடுவீர்களா என்று கேளுங்கள். சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜன், நைட்ரஜன் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு எளிதில் உடைகிற மாதிரி ஆகிவிடும், அதனால் உள்ளே வெளியே இரண்டு பக்கமும், டார்ச் நகர்ந்த பிறகும், சுமார் 400 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை சூடான இடத்தை ஆர்கான் கேஸ் சூழ்ந்திருக்க வேண்டும். இதைக் கேட்டு அவர் முழித்தால் அடுத்த பட்டறை. தலையாட்டினால் துண்டுப் பைப்பில் ஒரு ஜாயின்ட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்: வெள்ளி நிறமோ வெளிர் மஞ்சளோ என்றால் சரி, சாம்பலோ வெள்ளைப் பொடியோ என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் பார்க்கிற நீலம், ஊதாவுக்கு மயங்காதீர்கள். வெல்டிங்கிலேயே அப்படி வந்தால் பெரும்பாலும் கேஸ் போதவில்லை என்று அர்த்தம்.

பைப் கிரேடு 2 (வேறு உலோகம் கலக்காத டைட்டானியம்), ராடும் அதே கிரேடு. அப்புறம், அளவை மட்டும் எழுதிக் கொடுக்காமல் காரையே கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அடியில் எங்காவது இடிக்கும்.