சிவப்பணு எண்ணிக்கை ஏன் குறைகிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முதலாண்டு உடலியங்கியல் செய்முறை வகுப்பு. சிவப்பணு எண்ணியபோது ஒரே ஆளின் ரத்தத்தில் எனக்கு 34 லட்சம், பக்கத்தில் இருப்பவளுக்கு 47 லட்சம். எங்கே தப்பு?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: பெரும்பாலும் மைக்ராஸ்கோப்புக்கு வருமுன்பே தப்பு நடந்திருக்கும். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்தபின் குத்துங்கள், முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாக வரும் அடுத்த சொட்டை எடுங்கள். பிப்பெட்டில் 0.5 குறி வரை ரத்தம், 101 குறி வரை ஹேயம்ஸ் திரவம் (ரத்தத்தை நீர்க்கவைப்பது). நடுவில் குமிழ் புகுந்தால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

பிப்பெட்டைக் கிடையாகப் பிடித்து இரண்டு, மூன்று நிமிடம் உருட்டியபின் முதல் இரண்டு, மூன்று சொட்டுகளை வெளியே விட்டுவிட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். பிப்பெட்டின் தண்டில் நிற்பது வெறும் ஹேயம்ஸ். அது சேம்பருக்குள் (கட்டங்கள் பொறித்த எண்ணும் கண்ணாடி) போனால் எண்ணிக்கை விழும். உங்கள் 34 லட்சத்துக்கு என் முதல் சந்தேகம் இதன்மேல்தான். மாறாக, திரவம் அதிகமாகிப் சேம்பரின் பள்ளத்தில் வழிந்தால் மேலே மூடிய கவர் ஸ்லிப் தூக்கிக்கொள்ளும்; ஆழம் கூடி எண்ணிக்கை ஏறும். பக்கத்துத் தோழியின் சேம்பரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்!

செல்கள் படிய இரண்டு நிமிடம் விட்டு, நடுக்கட்டத்தின் நான்கு மூலை, மையம் என ஐந்து இடங்களில் 80 சிறு கட்டங்களை எண்ணுங்கள். கோட்டில் கிடப்பவற்றில் இடது, கீழ்க் கோடுகளில் உள்ளவை மட்டுமே கணக்கு.

சிறு கட்டத்தின் பரப்பு 1/400 சதுர மி.மீ., ஆழம் 1/10 மி.மீ. ஆக, 80 கட்டங்களுக்கு 1/50 கன மி.மீ. தண்டின் 1 பங்கு கலப்பில் சேராததால் 100-க்கு 0.5, அதாவது 200 மடங்கு நீர்ப்பு. 50 × 200 = 10,000. எண்ணியது 450 என்றால் ஒரு கன மி.மீ. ரத்தத்தில் 45 லட்சம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்தப் பத்தாயிரம் எப்படி வந்தது என்று கேட்காமல் விடமாட்டார்கள். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கேதான் மாட்டுவார்.

கேள்வி: ஜூன் மழை தொடங்கியதிலிருந்து லீஷ்மேன் சாயம் ஏற்றிய ரத்த ஸ்லைடில் சிவப்பணுவுக்குள் மினுமினுக்கும் வட்டங்கள். மலேரியாவா?
— வாசகர், தக்கலை

பதில்: ஃபைன் ஃபோகஸ் திருகை லேசாகத் திருப்பிப் பாருங்கள். வட்டம் பளிச்சென மின்னி மறைந்தால் அது ஈரம் செய்த வேலை. ஒட்டுண்ணி அப்படி மின்னாது. சாயம் ஏறி நிறத்தோடு தெரியும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் இது வழக்கமான தொல்லை. சாயத்திலுள்ள மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஸ்மியரும் (ஸ்லைடில் இழுத்த மெல்லிய ரத்தப் படலம்) சீக்கிரம் காயாது. புட்டியைத் திறந்து வைக்காதீர்கள். ஸ்மியரை இழுத்ததுமே விசிறிக் காற்றில் காயவிடுங்கள். சாயம் 8 சொட்டு, 2 நிமிடம். பிறகு இரட்டிப்பு அளவு பஃபர் நீர் (அமில-கார அளவு மாறாத நீர்), 7 முதல் 10 நிமிடம். பஃபரின் பிஹெச் 6.8 இருக்கட்டும், குழாய்த் தண்ணீரை வைத்து ஒப்பேற்ற வேண்டாம். சிவப்பணுக்கள் நீலம் பாய்ந்து தெரிந்தால் நீரில் காரம் கூடுதல். வெள்ளணுக்களின் உட்கரு வெளிறி எல்லாமே சிவந்திருந்தால் அமிலம்.