ஒரு பெரிய பயங்கரவாதத் தாக்குதல் ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையையும் போர்களையும் எப்படி மாற்றுகிறது?

நான் சுங்கை சிப்புட்காரன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் தோட்டப்புற ஊர். நியூயார்க் கோபுரங்களுக்குப் போகுமுன் எங்கள் ஊர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். கேட்டதற்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

1948 ஜூன் 16 காலை இங்கே எல்ஃபில் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையையும், இன்னொரு தோட்டத்தில் இரண்டு பேரையும் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டே நாளில், அப்போது ஆங்கிலேயர் ஆண்ட மலாயா முழுக்க அவசரகாலம். 1960 வரை, 12 ஆண்டுகள். சுமார் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் காட்டோரம் பயிர் வைத்திருந்த சீனர்களை, கம்பி வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் குடியேற்றினார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயத்தையும் வேலி சுற்றியது. பால் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகும் பாட்டி கேட்டில் தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டும். சோறு இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், காட்டில் இருப்பவனுக்குப் போய்விடுமாம். வெறும் வயிற்றோடு மரம் வெட்டிய நாள்களைப் பாட்டி கடைசிவரை மறக்கவில்லை.

இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. அந்த மூன்று பேர் சாவதற்கு முன்பே தொழிற்சங்கச் சட்டத்தை ஆங்கிலேயர்கள் இறுக்கத் தொடங்கிவிட்டார்கள். சாவு வந்ததும் தடுக்க ஆளில்லை. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று தூக்கிலிட்டார்கள். தாக்குதல் புதுக் கொள்கையைப் பிறப்பிப்பது குறைவு என்பதே என் எண்ணம். மேசைக்குள் ஏற்கெனவே கிடந்த தாளை எடுத்துக் கையெழுத்துப் போடவைக்கிறது. அதுவரை எதிர்த்தவர்களை வாயடைக்கவைக்கிறது.

இனி அமெரிக்கா. 2001 செப்டம்பர் 11 அன்று 2,977 பேர் கொல்லப்பட்டார்கள். மூன்றே நாளில் அமெரிக்க நாடாளுமன்றம், தாக்குதலுக்குக் காரணமானவர்கள் மீது படையை ஏவ அதிபருக்கு அதிகாரம் கொடுத்தது. மேலவையில் 98க்கு 0, கீழவையில் 420க்கு 1. எதிர்த்த அந்த ஒருவர் பார்பரா லீ. அந்தச் சட்டத்தின் சாரம் ஆங்கிலத்தில் வெறும் 60 சொற்கள். ஆப்கானிஸ்தான் என்ற பெயரே அதில் இல்லை, கால வரம்பும் இல்லை. பின்னால் வந்த அதிபர்கள் ஏமன், சோமாலியா, சிரியா என்று அதையே காட்டிக் குண்டு போட்டார்கள். 2001இல் பிறந்தே இராத ஐ.எஸ். இயக்கத்தின் மீதும் அதே 60 சொற்கள்தான்.

அக்டோபர் 7 அன்று ஆப்கானிஸ்தான் போர் தொடங்கியது. அதையாவது புரிந்துகொள்ளலாம், பின் லாடனுக்குத் தாலிபான் இடம் கொடுத்திருந்தது. ஈராக்கை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதிக்காரர்கள், ஒரு ஈராக்கியர்கூட இல்லை. ஆனால் சதாமை அகற்ற வேண்டும் என்பது 1998லேயே அமெரிக்காவில் சட்டமாக எழுதப்பட்டிருந்தது. அது மேசைக்குள் கிடந்த தாள். 2003 மார்ச்சில் படையெடுத்தார்கள். சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. அதற்கு முந்தைய மாதம்தான் கோலாலம்பூரில் அணிசேரா நாடுகள் கூடி அந்தப் போர் வேண்டாம் என்று குரல் கொடுத்திருந்தன. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நட்பும் பகையும்கூட ஒரே இரவில் இடம் மாறும். அணுகுண்டு சோதனைக்காகத் தண்டிக்கப்பட்டிருந்த பாகிஸ்தான் மீதான தடைகள் சில வாரங்களில் தளர்ந்தன, 2004இல் அது நேட்டோவுக்கு வெளியே உள்ள முக்கிய நட்பு நாடாக அறிவிக்கப்பட்டது. கடைசியில் 2011இல் பின் லாடன் கொல்லப்பட்டது அதே பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில். மலேசியாவுக்கும் இதில் பங்கு உண்டு. விசாரணையே இல்லாமல் ஆளைப் பிடித்து வைக்கும் எங்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை அமெரிக்கா முன்பெல்லாம் கண்டித்துக்கொண்டிருந்தது. 2001க்குப் பிறகு அந்தக் குரல் தணிந்தது. 2002 மே மாதம் அப்போதைய எங்கள் பிரதமர் மகாதீர் வெள்ளை மாளிகையில் வரவேற்கப்பட்டார்.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? 1948 அவசரகால விதிகள் முடிந்தபோது, அவற்றின் இடத்தில் 1960இல் கொண்டுவந்தது. பாட்டியின் சோற்றைப் பிடுங்கிய காலத்தின் மிச்சம். கம்யூனிஸ்டுகளை அடக்க என்றுதான் சொன்னார்கள். 2007 டிசம்பரில் அதே சட்டத்தில், மலேசிய இந்தியர் உரிமைக்கான இண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர்கள் ஐவரைப் பிடித்துக் கமுண்டிங் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அவர்கள் தோட்டத் தமிழர்களுக்காகத் தெருவில் இறங்கியவர்கள்.

2012இல் அதை நீக்கிவிட்டு சொஸ்மா என்ற புதுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2019 அக்டோபரில் அதன் கீழ் விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தார்கள். புலிகள் தோற்று அப்போது பத்து ஆண்டுகள். மறு ஆண்டு பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. நடுவில் போன அந்த மாதங்களை அவர்களுக்கு யார் கொடுப்பது? அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த சித்தப்பா முறுக்குத் தட்டைத் தொடவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியில் இருந்த மாவீரர் நாள் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். பாட்டி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா, மறுபடியும் கேட்டுல நிறுத்துறானுங்களா?" என்று கேட்டார்.